உபயப் பலகைகளைப் படிப்போம்

(பத்துமலையில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

பத்துமலைக்கு வருகிற வெளிநாட்டுப் பயணி எதைப் பார்த்துவிட்டுப் போகிறார் என்ற கேள்வியோடு தொடங்குகிறேன். கொமுட்டர் இரயிலிலோ சுற்றுலாப் பேருந்திலோ வந்து இறங்குகிறார். 42.7 மீட்டர் உயரத்தில் பொன்வண்ணத்தில் நிற்கும் முருகன் சிலைக்கு முன் படம் எடுத்துக்கொள்கிறார். மூச்சு வாங்க 272 படிகள் ஏறுகிறார். வழியில் குரங்குகளிடமிருந்து கைப்பையைக் காப்பாற்றிக்கொள்கிறார். குகைக்குள் நின்று அண்ணாந்து பார்க்கிறார், இறங்கிவிடுகிறார். அவருடைய படத்தில் இருக்கும் சிலை திறக்கப்பட்டது 2006 ஜனவரியில். படிகளில் தெரியும் பல வண்ணங்கள் பூசப்பட்டது 2018இல். நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வழிபாடு நடந்துவரும் தலத்தில் மிக இளைய இரண்டு பொருள்களை மட்டும் அவர் எடுத்துச் செல்கிறார். அவரைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. மற்றதைக் காட்ட நாம் எதுவும் ஏற்பாடு செய்யவில்லை. நம்மவர் நிலையும் இதிலிருந்து வெகுதூரத்தில் இல்லை. பாரிசுக்கும் ரோமுக்கும் போகும் தமிழர்கள் அங்குள்ள பேராலயங்களை வரிசையில் காத்திருந்து பார்க்கிறார்கள். பிரிக்பீல்ட்ஸில் தமிழர்களே எழுப்பிய தேவாலயத்தின் வாசலைத் தாண்டி உள்ளே போய்ப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

இன்று நான் நிறுவ விரும்புவது ஒன்றுதான். கிள்ளான் பள்ளத்தாக்கின் பழைய கோயில்களும் தேவாலயங்களும் பள்ளிவாசல்களும், தம்மைப் பற்றி எழுதிவைக்க வாய்ப்பில்லாத மக்கள் விட்டுச்சென்ற ஆவணங்கள். அவற்றைப் பார்க்கப் போகிறவர் கோபுரம் எத்தனை அடி, கட்டடம் எந்தப் பாணி என்பதோடு நின்றுவிடக் கூடாது. யார் கட்டினார்கள், எந்தக் கூலியிலிருந்து பணம் கொடுத்தார்கள், எந்த மொழியில் இங்கே வழிபட்டார்கள், இன்று வந்து கும்பிடுகிறவர்கள் யார் என்று கேட்க வேண்டும். இப்படிக் கேட்கத் தொடங்கியவர் தம் சொந்த மதத்தின் ஆலயத்தோடு நிற்க முடியாது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் ஒரே கப்பலில் ஏறியவர்கள் இந்த மண்ணில் இறங்கியபின் வெவ்வேறு வாசல்களுக்குப் பிரிந்து போனார்கள். ஒரு வாசலை மட்டும் படித்தவருக்குக் கப்பலின் கதை பாதிகூடத் தெரியாது.

பத்துமலையையே முதலில் எடுத்துக்கொள்வோம். இந்தச் சுண்ணாம்புக்கல் குன்று ஏறக்குறைய 40 கோடி ஆண்டுப் பழமை உடையது. தெமுவான் பழங்குடியினர் இக்குகைகளில் ஒதுங்கியிருக்கிறார்கள். 1860களில் சீனக் குடியேறிகள் தோட்டப் பயிருக்கு எருவாக வௌவால் எச்சத்தைத் தோண்டி எடுத்தார்கள். 1878இல் அமெரிக்க இயற்கை ஆய்வாளர் வில்லியம் ஹார்னடே இங்கு வந்து எழுதிய பிறகு வெள்ளையர் உலகத்துக்கு இந்த இடம் தெரியவந்தது. கூரை நூறு மீட்டர் உயரத்தில் இருக்கும் பெரிய குகைக்கு அவர்கள் கதீட்ரல் குகை என்று பெயரிட்டார்கள். அவ்வளவு பெரிய வெளியைக் கண்டதும் தங்கள் ஊர்ப் பேராலயம் அவர்கள் நினைவுக்கு வந்திருக்கிறது. தமிழர்களுக்கோ குன்றைக் கண்டதும் குமரன் நினைவுக்கு வந்தான். 1890ஆம் ஆண்டுவாக்கில் கா. தம்புசாமிப் பிள்ளை குகைக்குள் முருகனை எழுந்தருளச் செய்தார். 1892 முதல் இங்கே தைப்பூசம் நடக்கிறது. 1920இல் மரப்படிகள் வந்தன. பிறகு அவற்றின் இடத்தில் சிமெண்டுப் படிகள் வந்தன. அதே குன்றின் இன்னொரு பக்கத்தில் சுண்ணாம்புக்கல் வெட்டி எடுத்தார்கள். 1980களின் தொடக்கம் வரை அந்த வேலை நடந்தது. கல் ஏற்றிச் செல்லப் போட்ட தண்டவாளத்தின் வழியில்தான் 2010 முதல் பக்தர்களும் பயணிகளும் கொமுட்டரில் வருகிறார்கள். மலையை உடைக்கும் வேலையும் மலையை வணங்கும் வேலையும் பல பத்தாண்டுகள் அருகருகே நடந்திருக்கின்றன. இந்த நாட்டில் தமிழர் வாழ்வைப் பற்றி இதைவிடத் தெளிவாகச் சொல்லும் இடம் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அந்தத் தமிழர்கள் யார்? ஆங்கிலேய அரசின் ஏடுகளில் அவர்கள் எண்ணிக்கையாகவே வருகிறார்கள். இத்தனை பேர் இறங்கினார்கள், இத்தனை பேர் மலேரியாவில் இறந்தார்கள், இத்தனை பேர் திரும்பிப் போனார்கள் என்று ஆண்டுதோறும் கணக்கு இருக்கும். சஞ்சிக்கூலி என்ற ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுக்கு வந்தது; கங்காணி வழி ஆள் சேர்ப்பு 1938 வரை தொடர்ந்தது. இரயில் பாதை போட்டவர்கள், சாலை போட்டவர்கள், காடழித்துக் காப்பியும் பிறகு ரப்பரும் நட்டவர்கள், கிள்ளான் துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர்கள் எல்லாம் இந்தக் கணக்குக்குள் அடங்கிவிடுகிறார்கள். அவர்கள் குடியிருந்த லயங்கள் இன்று இல்லை. தோட்டங்கள் விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகவும் நெடுஞ்சாலைகளாகவும் மாறிவிட்டன. புத்ராஜெயா என்ற கூட்டரசு நிர்வாகத் தலைநகரமே பிராங் பெசார் முதலிய தோட்டங்கள் இருந்த நிலத்தில் எழுந்தது. பால் வெட்டியவரின் கத்தியும் வாளியும் எங்காவது ஓர் அருங்காட்சியகத்தில் ஒன்றிரண்டு இருக்கலாம். அவர் எழுதிய நாட்குறிப்பு இருக்காது; பெரும்பாலோருக்கு எழுதத் தெரியாது, தெரிந்தவருக்கு நேரம் கிடையாது. அவர்கள் கூடி நின்று முடிவெடுத்து, தங்கள் பணத்தில் ஒரு வெள்ளி இரண்டு வெள்ளியாகச் சேர்த்து, பெயர் சொல்லிக் கட்டியவை கோயிலும் மாதா கோயிலும் பள்ளிவாசலும் மட்டுமே. முதலாளி சொல்லிக் கட்டியது ஆலை. கங்காணி சொல்லிக் கட்டியது கொட்டகை. தாமே விரும்பிக் கட்டியது வழிபாட்டு இடம். அந்த விருப்பத்தின் தடயம் வேறெங்கும் இல்லை என்பதால்தான் அதை ஆவணம் என்கிறேன்.

இனித் தேவாலயங்களுக்கு வருவோம். கிறித்தவத் தமிழர்களைத் தமிழர் வரலாற்றின் ஓரத்தில் வைக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. கட்டடங்கள் அதை ஒப்புக்கொள்வதில்லை. கோலாலம்பூரில் புக்கிட் நானாஸ் மேட்டில் 1883இல் தொடங்கிய புனித யோவான் ஆலயம் இன்று கத்தோலிக்கப் பேராலயம். பிரிக்பீல்ட்ஸில் புனித ஜெபமாலை மாதா ஆலயம் 1903இல் சீனக் கத்தோலிக்கர்களுக்கென்று தொடங்கியது. தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கென்று 1910இல் ராபர்ட்சன் சாலையில் புனித அந்தோணியார் ஆலயம் வந்தது. கிள்ளானில் 1928இல் லூர்து மாதா ஆலயம் எழுந்தது. கூர்மையான வளைவுகளும் உயர்ந்த கோபுரமும் கொண்ட அந்தக் கட்டடத்தைப் பார்ப்பவர் பிரெஞ்சு நாட்டுக் கிராமத்தை நினைப்பது இயல்பு. ஆனால் அந்த வளைவுகள் இங்கே வந்த வழியைக் கேட்டால் கதை புதுச்சேரிக்குப் போகும். பாரிஸ் வெளிநாட்டு வேத போதக சபையின் குருமார்கள் புதுச்சேரிப் பகுதியிலும் மலாயாவிலும் ஒரே காலத்தில் பணியாற்றியவர்கள். அங்கே ஞானஸ்நானம் பெற்ற குடும்பத்தின் மகன் இங்கே கூலியாக வந்தபோது, அதே சபையின் குருவே அவனுக்குப் பூசை வைத்தார். லுத்தரன் தமிழர்களின் வழி இன்னும் பழையது. 1706இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு வந்து இறங்கினார். 1718இல் அங்கே புதிய எருசலேம் ஆலயம் கட்டப்பட்டது. 1919இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தனி அமைப்பாயிற்று. அதன் பிள்ளைகள் வேலை தேடி மலாயாவுக்கு வந்து, பிரிக்பீல்ட்ஸில் 1924இல் கட்டிய சீயோன் ஆலயம் இன்று பேராலயமாக நிற்கிறது. தரங்கம்பாடிக் கடற்கரைக்கும் பிரிக்பீல்ட்ஸ் தெருவுக்கும் நடுவே இருநூறு ஆண்டுத் தமிழ்க் கதை ஒன்று ஓடுகிறது. பிரிக்பீல்ட்ஸை லிட்டில் இந்தியா என்று அறிவித்து, தெருவெங்கும் வளைவுகளும் ஊதா வண்ணமும் வைத்தபோது, அந்தக் கதைக்கு ஒரு பலகைகூட யாரும் வைக்கவில்லை என்பது என்னை வருத்துகிறது.

பிரிக்பீல்ட்ஸ் பற்றி இன்னும் சற்று நின்று பேச வேண்டும். கோலாலம்பூர் 1881இல் தீயாலும் வெள்ளத்தாலும் அழிந்தபின், ஊரைச் செங்கல்லால் கட்ட முடிவெடுத்து, செங்கல் சூளைகள் போட்ட இடம் அது. 1886இல் கிள்ளான் பக்கம் இரயில் ஓடத் தொடங்கியது. பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே ஊழியர் குடியிருப்பாயிற்று. இந்தியாவிலிருந்து தண்டவாளத் தொழிலாளர்களும், யாழ்ப்பாணத்திலிருந்து ஆங்கிலம் படித்த எழுத்தர்களும் நிலைய அதிகாரிகளும் வந்தார்கள். யாழ்ப்பாணத்தார் ஸ்காட் சாலையில் கந்தசுவாமி கோயில் கட்டினார்கள். இலங்கையிலிருந்தே வந்த சிங்களவர்கள் 1894இல் சங்கம் அமைத்துப் பௌத்த மகா விகாரையை எழுப்பினார்கள். விவேகானந்தர் பெயரில் ஆசிரமக் கட்டடம் 1904இல் வந்தது. சற்றுத் தள்ளி, நகர நடுவில், 1863இல் தொடங்கிய மஸ்ஜித் இந்தியா பள்ளிவாசலில் தமிழ் முஸ்லிம்கள் தமிழிலேயே ஜும்ஆ உரை கேட்டார்கள். நடந்தே சுற்றிவரக்கூடிய ஒரு வட்டத்துக்குள் இவ்வளவும் இருக்கின்றன. இவற்றைச் சேர்த்துப் பார்க்கிறவருக்கு மத ஒற்றுமை மட்டுமல்ல, பிளவுகளும் தெரியும். முருகனை வணங்கும் இரண்டு தமிழ்க் கூட்டத்தார் ஒரே ஊரில் ஏன் தனித்தனிக் கோயில் கட்டினார்கள்? ஒருவர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார், மற்றவர் வெயிலில் நின்றார். சம்பளப் பட்டியல் பிரித்த கோட்டைக் கோயில்களும் சுமந்தன. வழிகாட்டி நூல்கள் இதைச் சொல்வதில்லை. கேட்கத் தெரிந்த பயணிக்கு இடங்களே சொல்லும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். இவையெல்லாம் வரலாற்றுத் தலங்களா? தஞ்சைப் பெரிய கோயில் 1010இல் நிறைவுற்றது. பாரிஸ் நோத்ர தாமுக்கு 1163இல் அடிக்கல் நாட்டினார்கள். நூறு நூற்றிருபது வயதுக் கட்டடத்தை அவற்றோடு சேர்த்துப் பேசலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வயதைக் கொண்டு அளப்பது எளிது. அதில் பொருளும் உண்டு. ஆயினும் தஞ்சைக் கோயிலைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரிவது அது பழையது என்பதால் மட்டுமல்ல. யார் எதைக் கொடுத்தார், யாருக்கு எத்தனை கலம் நெல், எந்தத் தெருவில் எந்த ஆடல்மகள் குடியிருந்தாள் என்று அதன் சுவரில் வெட்டி வைத்தார்கள். அரசனுக்குக் கல்வெட்டு வெட்ட ஆள் இருந்தது. தோட்டத் தொழிலாளிக்கு இருந்தது சுவரில் பதித்த சலவைக்கல் துண்டு ஒன்று: இன்னார் மகன் இன்னார், இன்ன தோட்டம், உபயம் இத்தனை வெள்ளி. ஆயிரம் ஆண்டு கழித்து இவை கல்வெட்டாக மதிக்கப்படும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதுவரை அவை சுவரில் இருக்குமா என்பதே என் கவலை. திருப்பணி என்ற பெயரில் பழைய பலகைகளைப் பெயர்த்தெடுத்துவிட்டுப் புதிய ஓடு பதிக்கும்போது அந்தப் பெயர்கள் குப்பை லாரியில் போகின்றன.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. கோயில்களைக் கட்டியவர்கள் கூலிகளா, கனவான்களா? தம்புசாமிப் பிள்ளை சிங்கப்பூரில் பிறந்து, சிலாங்கூரின் முதல் ஆங்கிலேய ரெசிடெண்ட் டேவிட்சனோடு இங்கே வந்து, அரசுக் கருவூலத்தில் பணியாற்றி, ஒப்பந்தத் தொழிலிலும் ஈயச் சுரங்கத்திலும் செல்வரானவர். விக்டோரியா கல்விக்கூடத்தை 1893இல் நிறுவியவர்களுள் ஒருவர். 1873இல் அவர் தொடங்கிய மகா மாரியம்மன் கோயில் நெடுங்காலம் குடும்பக் கோயிலாகவே இருந்து, 1920களின் பிற்பகுதியில்தான் பொதுமக்களுக்குத் திறந்தது. தேவாலயங்களின் வரைபடம் குருமார்களின் கையில் இருந்தது. ஆக, இவை மேலே இருந்தவர்களின் ஆவணங்கள்தானே என்று கேட்கலாம். சாதியும் இதில் உண்டு. பல கோயில்களில் திருவிழா உபயங்கள் தொழில்வாரியாகவும் ஊர்வாரியாகவும் சாதிவாரியாகவும் பிரிந்திருந்தன. இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. அதை மறைத்துவிட்டுக் கோயில் வரலாறு எழுதுவது பொய். ஆனால் பத்துமலையைப் பத்துமலை ஆக்கியது எது? செல்வர் ஒருவர் குகைக்குள் வேல் நாட்டினார் என்பதோடு நின்றிருந்தால் இது இன்று யாரும் எட்டிப் பார்க்காத தனியார் சந்நிதியாக இருந்திருக்கும். தோட்டத்துச் சனம் காவடியும் பால்குடமும் தூக்கிக்கொண்டு ஆண்டுதோறும் நடந்து வந்ததால் இது நாட்டின் தலமாயிற்று. மகா மாரியம்மன் கோயிலிலிருந்து புறப்படும் வெள்ளிரதம் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் இரவு முழுக்க ஊர்ந்து வருகிறது. பணக்காரர் வீட்டு வாசலிலும் துப்புரவுத் தொழிலாளி நிற்கும் சாலையோரத்திலும் அதே ரதம் நின்று அர்ச்சனை ஏற்கிறது. கோலாலம்பூர் உள்ளிட்ட கூட்டரசுப் பிரதேசத்தில் தைப்பூசத்துக்கு 2008இல் பொதுவிடுமுறை கிடைத்ததற்கும் இந்தக் கூட்டத்தின் எடைதான் காரணம். மேலோர் கையெழுத்துப் போட்ட ஏட்டில் கீழோர் தங்கள் வரியை எழுதிச் சேர்த்திருக்கிறார்கள். பயணி படிக்க வேண்டியது அந்த இரண்டாவது கையெழுத்தை.

சரி, படிக்க வருகிறவர்களால் வழிபடுகிறவர்களுக்குத் தொல்லை இல்லையா? உண்டு. 2018இல் கோத்தா கினபாலு நகரப் பள்ளிவாசலின் மதில் மேல் இரண்டு வெளிநாட்டுப் பெண்கள் நடனமாடிய காட்சி பரவியதும், அங்கே சுற்றுப்பயணிகளுக்குச் சிறிது காலம் தடை விதித்தார்கள். பத்துமலையில் முழங்கால் தெரிய உடுத்தி வருபவர்களுக்குப் படி அடிவாரத்தில் துண்டு வாடகைக்குக் கொடுக்கிறார்கள். தைப்பூசத்தன்று அலகு குத்தி அருள் வந்த நிலையில் இருப்பவரின் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டுவது நாம் ஆண்டுதோறும் பார்க்கும் காட்சி. இதற்கு மருந்தாக வாசலை மூடுவதை நான் ஏற்கவில்லை; கட்டணம் வைப்பதும் சரியான வழி என்று தோன்றவில்லை. இஸ்தான்புல் அயா சோபியாவைப் பாருங்கள். 537இல் தேவாலயமாகத் திறந்து, 1453இல் பள்ளிவாசலாகி, 1930களில் அருங்காட்சியகமாகி, 2020இல் மறுபடி பள்ளிவாசலானது. 2024 ஜனவரி முதல் வெளிநாட்டுப் பயணிகள் 25 யூரோ கொடுத்துத் தனி வழியில் மாடத்துக்கு ஏறுகிறார்கள். தொழுகிறவர்கள் கீழே இருக்கிறார்கள். தொல்லை குறைந்திருக்கும். ஆனால் பார்ப்பவருக்கும் தொழுபவருக்கும் இடையே உறவு என்று எதுவும் அங்கே மிச்சமில்லை. நோத்ர தாம் மறுபடி திறக்குமுன் பிரெஞ்சுக் கலாசார அமைச்சர் 5 யூரோ கட்டணம் யோசனை சொன்னபோது, அந்நாட்டுத் திருச்சபை இலவச நுழைவைக் கைவிட மறுத்தது. அதுவே சரி என்று கருதுகிறேன். காசு கொடுத்தவர் வாங்கியவராகிவிடுகிறார். வாங்கியவருக்கு அடக்கம் வராது. பத்துமலைக் கோயில் குகைக்கு நுழைவுக் கட்டணம் இல்லாதிருப்பது நம் நிர்வாகத்தின் பெருமை. பூசை நேரத்தில் பயணிகளை ஓரமாக நிற்கச் சொல்லும் தொண்டர் இருவர், எது நடக்கிறது என்று மெல்லிய குரலில் விளக்கும் இளைஞர் ஒருவர் இருந்தால், தொல்லையில் பெரும்பகுதி தீரும். கூச்சலிடுபவரில் பலர் கெட்டவர்கள் அல்லர். தாம் நிற்பது எங்கே என்று யாரும் சொல்லாததால் பொருட்காட்சி என்று எண்ணிவிட்டவர்கள்.

பக்தியுள்ளவர்களிடமிருந்து வேறொரு மறுப்பு வரும். பிற மதத்தார் ஆலயத்துள் நுழைவது தம் நம்பிக்கைக்கு விலக்கு என்று மனமாரக் கருதுவோர் எல்லா மதத்திலும் இருக்கிறார்கள். அவர்களை நான் குறுகிய மனத்தினர் என்று சொல்ல மாட்டேன். கும்பிடுவது வேறு, போய்ப் பார்ப்பது வேறு என்ற வேறுபாட்டை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்வேன். அதற்கும் மனம் ஒப்பாதவர் வாசலில் நின்று கட்டியவர் பெயரைப் படித்துவிட்டுப் போகலாம். தமிழ் மரபிலோ இந்த வாசல்களுக்கிடையே போக்குவரத்து என்றும் இருந்திருக்கிறது. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணிக்கு மொட்டை போட நடந்து போகிறவர்களில் இந்துக்கள் ஏராளம். நாகூர் தர்காவில் நேர்த்திக்கடன் செலுத்துவோரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு ஜூலையில் நம் நாட்டின் எல்லாத் திசையிலிருந்தும், கிறித்தவர் அல்லாதாரும் சேர்ந்து போகிறார்கள். பத்துமலையில் சீனர்கள் தேங்காய் உடைக்கிறார்கள், காவடியும் எடுக்கிறார்கள். நான் சொல்லும் பயணம் இந்த நேர்த்திக்கடன் வழக்கத்தைப் போன்றதும் அல்ல. அங்கே போகிறவர் தம் தேவையோடு போகிறார், தம் வேண்டுதலோடு திரும்புகிறார். அந்த இடத்து மக்களைப் பற்றி அவர் அறிந்தே ஆக வேண்டியதில்லை. நான் கேட்பது அறிதல். புனித அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றும் இந்து அன்பர், அந்த ஆலயம் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கென்று கட்டியது என்று தெரிந்துகொண்டால், பக்கத்து வீட்டுக் கிறித்தவரை வேறு கண்ணோடு பார்ப்பார்.

2018இல் படிகளுக்கு வண்ணம் பூசியபோது எழுந்த தகராறையும் இங்கே பேசியாக வேண்டும். ஆகஸ்ட் 31 குடமுழுக்கை ஒட்டி நிர்வாகம் படிகளைப் பல வண்ணத்தில் தீட்டியது. முன் அனுமதி பெறவில்லை என்று தேசியப் பாரம்பரியத் துறை 2005ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டிக் கேள்வி எழுப்பியது. மறுபக்கம், வண்ணப் படிகளின் படம் உலகமெங்கும் பரவிப் பயணிகளைக் கொண்டுவந்து குவித்தது. யார் சொன்னது சரி? ஆவணம் என்று நான் சொல்வதை வைத்தே, அப்படியானால் ஒரு செங்கல்லையும் தொடக் கூடாதே என்று என்னைக் கேட்கலாம். வழிபாடு நடக்கும் இடம் முடிந்துபோன ஏடு அல்ல. ஒவ்வொரு தலைமுறையும் அதில் எழுத உரிமை உண்டு. வண்ணம் நம் கோயில் மரபுக்குப் புதிதும் அல்ல. அந்த உரிமையை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். ஆனால் முந்தைய தலைமுறை எழுதியதைப் படித்துவிட்டுத்தான் அதன் மேல் எழுத வேண்டும். கேட்டுவிட்டுத்தான் எழுத வேண்டும். இந்தக் குன்று கோயிலுக்கு மட்டும் சொந்தமானதல்ல. பக்கத்து இருட்குகையில், உலகில் மிக அரிதான பழஞ்சிலந்தி இனமொன்று வாழ்கிறது. வௌவால் கூட்டங்கள் இருக்கின்றன. நமக்கு முன்பே இங்கிருந்த உயிர்களின் வரலாறும் இக்கல்லில் இருக்கிறது. அனுமதி கேட்பதால் முருகனுக்குக் குறைவு எதுவும் வந்துவிடாது. அரசுத் துறையும், திருவிழா முடிந்தபின் கடிதம் அனுப்புவதோடு நில்லாமல், கோயில் நிர்வாகங்களோடு முன்கூட்டியே உட்கார்ந்து பேசப் பழக வேண்டும்.

படிக்கப்படாத ஆவணத்தைக் காப்பாற்ற யாரும் முன்வர மாட்டார்கள் என்பதற்கு அண்மைச் சான்று இருக்கிறது. 2025இல் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில், 130 ஆண்டுப் பழமை உடையதாகச் சொல்லப்படும் தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் கோயில் பெருஞ்சர்ச்சைக்கு நடுவே சிக்கியது. நிலம் வேறொருவர் கைக்கு மாறியிருந்தது. கடைசியில் அருகிலேயே வேறு இடத்துக்கு மாறுவதென்று உடன்பாடு வந்தது. தோட்டக் கோயில்களின் கதையும் பெரும்பாலும் இதே வழியில்தான் போகிறது: கோயிலுக்கு வயது இருக்கிறது, நிலத்துக்குப் பட்டா இல்லை. இதற்கு மாறான சான்றாக விவேகானந்த ஆசிரமம் இருக்கிறது. அந்த வளாகத்தில் அடுக்குமாடி எழுப்பும் திட்டம் வந்தபோது பொதுமக்கள் எதிர்த்தார்கள். 2016இல் அந்தக் கட்டடம் பாரம்பரியச் சின்னமாக அரசிதழில் இடம்பெற்றது. இரண்டுக்கும் நிலச் சட்டத்தில் வேறுபாடு உண்டு. அதை நான் மறக்கவில்லை. ஆனால் இன்னொரு வேறுபாடும் உண்டு. ஆசிரமத்தின் கதையைச் சான்றோடு எடுத்துச் சொல்ல, படித்தவர்கள் பலர் இருந்தார்கள். சிறு கோயிலுக்கு வயதைச் சொல்ல வாய்மொழி மட்டும் இருந்தது.

ஆகவே செய்ய வேண்டியவை பெரிய செலவில்லாதவை. ஒவ்வொரு கோயில் நிர்வாகமும் திருப்பணி தொடங்குமுன் பழைய உபயப் பலகைகள் அத்தனையையும் படம் எடுத்து, பெயரும் ஊரும் தொகையும் ஆண்டும் எழுதிவைக்கட்டும். தேவாலயங்களில் ஞானஸ்நானப் பதிவேடும் திருமணப் பதிவேடும் கல்லறைப் பதிவேடும் இருக்கின்றன. பங்குக் குருவின் அனுமதியோடு தமிழ்க் குடும்பங்கள் வந்த ஊர்களை அவற்றிலிருந்து திரட்டலாம். பள்ளிவாசல் சங்கங்களிடம் கூட்டக் குறிப்புகள் இருக்கும். தமிழ்ப்பள்ளிகள் மாணவர்களை விலங்குக்காட்சிச் சாலைக்கும் கேளிக்கைப் பூங்காவுக்கும் அழைத்துப் போவது நல்லதுதான். ஆண்டில் ஒரு நாள் ஸ்காட் சாலையிலிருந்து சீயோன் ஆலயம், ஜெபமாலை மாதா ஆலயம், மகா விகாரை என்று நடத்திக் கூட்டிப்போகட்டும். போகுமுன் அந்தந்த ஆலயத்தில் சொல்லி, வழிபாட்டு நேரம் தவிர்த்து, அங்குள்ள பெரியவர் ஒருவரையே பேசச் சொல்லட்டும். பத்துமலை அடிவாரத்தில் தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் ஆங்கிலத்திலும் ஒரு பலகை வேண்டும்: எருத் தோண்டியவர்கள், கல் உடைத்தவர்கள், மரப்படி கட்டியவர்கள், காவடி சுமந்து நடந்தவர்கள் என்று வரிசையாக. வெளியூர்ப் பயணிக்கு அதைப் படிக்க ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்துக்குத் தேவையான தகவல்களைத் திரட்டும் வேலையை, அடுத்த தைப்பூசத்துக்கு முன் இந்த அவையில் இருப்பவர்களே தொடங்கலாம். முதல் பலகையைப் படிக்க இங்கிருந்து நூறடி நடந்தால் போதும்.